சபேசனின் தாயார்

1

இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் ரங்கூனைப் பற்றி எழுதும்படி கேட்டிருக்கிறார். பெரிய பகோடா என்ற புத்தர் கோயில், ஐராவதி நதி, பர்மியப் பெண்கள் சுருட்டுப் பிடிப்பது ஆகியவற்றை அறிய வேலூர், ஆம்பூர் பக்கத்து வாசகர்கள் ஆவலாக இருப்பார்களாம். பகோடாவுக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டு தடவையும் மழை. ஐராவதி ரங்கூன் வழியாகப் போகவில்லை என்று என் பெண் கமலா சொல்கிறாள். சுருட்டைப் பொறுத்தவரை, எனக்குப் பழக்கமான பர்மியப் பெண்கள் மூன்று பேர். அதில் ஒருத்திக்குத்தான் அது பிடிக்கும்.

ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். இந்தத் தை மாதத்தோடு நான் எழுத்துக் கூட்டத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. தொடங்கும்போது எனக்கு முப்பத்தெட்டு வயது.

காரணம் ஒரு தாள். கமலாவை மேல் வகுப்புக்கு மாற்ற, தகப்பனோ தாயோ அதில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு தோல் கிடங்கில் கணக்கெழுதுகிறார். அன்று கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் நாள். நான் போனேன். பள்ளிக்கூட குமாஸ்தா என் முகத்தைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் கட்டைவிரலை அழுத்தினேன். பன்னிரண்டு வயதுக் கமலா அவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார்.

"இன்னாடி சொன்ன?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லாததுக்கா அந்தாளு சிரிச்சான்?"

"அது இங்கிலீஷ்ல சொன்னாதாம்மா சிரிப்பு. தமிழ்ல சொன்னா ஒண்ணும் இல்ல."

விரலில் இருந்த மை போக நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் கமலாவை உட்காரவைத்து 'அ' எழுதிக் காட்டச் சொன்னேன்.

2

நான் ஏன் அதுவரை படிக்கவில்லை என்று கேட்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு ஆம்பூரில், பாலாற்றுக்கும் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கும் நடுவில் இருந்தது. அப்பா சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தார். நான் சிறுமியாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். அம்மா ஆவாரம்பட்டை இடித்தாள். தோலைப் பதப்படுத்த அந்தப் பட்டைதான் வேண்டும். அது வண்டி வண்டியாக வந்து இறங்கும். நானும் தங்கை பச்சையம்மாளும் அம்மாவுக்கு இரண்டு பக்கமும் நின்று உலக்கை போட்டோம். மிஷன் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. பையன்கள் வாய்ப்பாடு ஒப்பிப்பது எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். அந்தத் தாளத்துக்கு இடித்தால் கை வலி கம்மி என்று அம்மா சொல்வாள். கல்வியால் எங்களுக்குக் கிடைத்த பயன் அதுதான்.

என் வீட்டுக்காரர் அதே தெருக்காரர். அந்த வாய்ப்பாட்டை உள்ளே உட்கார்ந்து ஒப்பித்தவர்களில் ஒருவர். நான்காம் வகுப்பு வரை படித்துவிட்டு ஒரு ஷாப்பில் தோல் எண்ணி எழுதிக்கொண்டிருந்தார். யுத்தம் முடிந்து சில வருஷங்களில் தோலைக் கேட்பாரில்லாமல் போய் அந்த ஷாப்பு மூடியது. ரங்கூனில் எண்ண ஆள் வேண்டும் என்றார்கள். கமலாவுக்கு அப்போது மூன்று வயது. நாங்கள் ரயிலேறிய அன்று காலையில் பட்டை வண்டி வந்துவிட்டதால் அம்மா ஸ்டேஷனுக்கு வரவில்லை. உலக்கையை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, "போய்ச் சேந்ததும் லெட்டர் போடு" என்றாள். "சரி" என்றேன். எனக்கு எழுதத் தெரியாது, அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ரங்கூனில் எங்களுக்குப் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. இங்கே எல்லாக் கறியிலும் போடும் ஙப்பி என்ற மீன் விழுதின் வாடை தாங்காமல் புதிதாக வந்த தமிழர்கள் ஒரு மாதம் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிவார்கள். சுண்ணாம்புக் குழி ஓரத்தில் பிறந்தவளுக்கு அது ஒரு வாடையாகவே தெரியவில்லை. பாஷைதான் கொஞ்சம் தகராறு. பர்மியத்தில் 'ஸா' என்றால் கடிதம். அதையே சற்று அழுத்தி இழுத்தால் சாப்பிடு. தபால்காரன் வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து 'சா, சா' என்று கத்துகிறான் என்று நினைத்து முதல் வருஷம் முழுக்க அவனைத் திட்டினேன். அவனுக்கும் தமிழ் தெரியாததால் மரியாதை கெடவில்லை.

கடிதங்கள் இரண்டு மாதத்துக்கு ஒன்றாக வந்தன. ஆம்பூரில் பச்சையம்மாள் சொல்லச் சொல்ல மிஷன் பள்ளி வாத்தியார் எழுதுவார். இங்கே வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து கைகால் கழுவிவிட்டுப் படித்துக் காட்டுவார். பதிலும் அவரே எழுதுவார். நன்றாகப் படிப்பார். அம்மாவின் பேச்சு வரும் இடத்தில் குரலைக்கூட மாற்றுவார். பூசணிக்கொடி வேலி தாண்டியதற்காக அம்மா பக்கத்து வீட்டுக்காரியோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தது, வேலூருக்குப் போய் லாங் பஜாரில் பித்தளைச் செம்பு வாங்கி, அது ஓட்டை என்று மறுநாளே திரும்பப் போய்க் கடைக்காரனை ஒரு வழி பண்ணியது, எல்லாம் எனக்குக் கண்ணால் பார்த்தது போல இருக்கும். கமலாவைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து எடுத்து இங்கிலீஷ் பள்ளியில் போடக்கூடாது என்று நான் மூன்று மாதம் பிடிவாதமாக இருந்தேன். "உங்கம்மாவே போடச் சொல்லிட்டாங்க" என்று அவர் ஒரு கடிதத்தைப் படித்து மடித்தார். விட்டுக்கொடுத்தேன். மகன் முருகேசன் பிறந்து, ஊருக்குப் போய் அவனை அம்மாவிடம் காட்டவேண்டும் என்று புறப்பட்டபோதும் அம்மாதான் தடுத்தாள். "கைக்கொழந்தையோட கப்பல்ல வராதே, ரெண்டு வருஷம் போகட்டும்" என்று எழுதியிருந்தாள்.

எழுத்துப் படிக்க வந்ததும் இந்தக் கடிதங்களை நானே படித்திருக்கலாமே என்று கேட்கலாம். கமலா எனக்கு அச்செழுத்து மட்டும்தான் சொல்லிக் கொடுத்தாள். வாத்தியாரின் கையெழுத்து ஒன்றோடு ஒன்று கோத்த சங்கிலி. "அத எப்ப சொல்லித் தருவ?" என்று கேட்டால், "அப்புறம் பாக்கலாம்மா, மொதல்ல புஸ்தகம் படி" என்பாள். பொறுப்பான ஆசிரியை என்று நினைத்துக்கொண்டேன்.

3

புஸ்தகம் என்று அவள் கொடுத்தது ஒரு நாவல். தமிழ்ப் பள்ளியை விடும்போது அவளுக்குப் பரிசாக வந்தது. போன தலைமுறையில் எழுதப்பட்டு, படித்தவர்கள் எல்லாரும் இளமையில் ஒரு தடவையாவது படித்து உருகியது என்கிறார்கள். நான் குறை சொல்லப் போவதால் பெயரை எழுதவில்லை. கதாநாயகன் பெயரையும் மாற்றிச் சபேசன் என்று வைத்துக்கொள்கிறேன்.

சபேசனுக்குக் கதை தொடங்கும்போது பன்னிரண்டு வயது, முடியும்போது இருபத்துநான்கு. தகப்பன் இல்லை. மாமன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான் என்பதற்காக நான்காம் அத்தியாயத்தில் விடிவதற்கு முன்பே வீட்டை விட்டுப் புறப்பட்டுப் பட்டணம் போகிறான். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறான், சிநேகிதனை நம்பி ஏமாறுகிறான், ஒரு பெண்ணைக் கண்டு மயங்குகிறான், கவிதை எழுதுகிறான், திருந்துகிறான், பெரிய மனிதனாகிறான். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. நான் தினமும் ஒன்றிரண்டு பக்கம்தான் போவேன் என்பதால், மற்றவர்கள் மூன்று நாளில் வளர்த்துவிடும் பையனை நான் ஒரு பிள்ளையை வளர்ப்பது போலவே வளர்த்தேன்.

முதல் வாக்கியம் முக்கால் பக்கம் நீளம். அதன் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துவிடும். திரும்பப் போனால் முடிவு மறந்துவிடும். சபேசன் வீட்டை விட்டுப் போன இடத்தில், 'அவன் தாயார் பிரலாபித்தாள்' என்று இருந்தது. அந்த வார்த்தையைக் கூட்டி முடிக்க அரை நாள். கூட்டிய பிறகும் விளங்கவில்லை. கமலாவைக் கேட்டேன்.

"அழுதான்னு அர்த்தம்மா."

"அழுதான்னே போட்டா இன்னா?"

"அது இலக்கியம்மா."

அரை நாள் செலவழித்துக் கண்டுபிடித்த அழுகை என்பதால் எனக்கு அந்தத் தாயார் மேல் அக்கறை வந்துவிட்டது. அடுத்த அத்தியாயத்தில் அவள் என்ன ஆனாள் என்று தேடினேன். அதில் பட்டணத்துத் தெருவிளக்குகள் இருந்தன. அதற்கடுத்ததில் அச்சுக்கூடம். அதற்கடுத்ததிலும் அச்சுக்கூடம்.

எதிர்வீட்டில் ஜுலேகா பீ இருக்கிறார். வாணியம்பாடிக்காரர். வீட்டில் உருது, என்னோடு தமிழ். பீபிம்மா என்று கூப்பிடுவேன். மத்தியானத்தில் கீரை ஆய்ந்துகொண்டே வந்து உட்காருவார். நான் வாய்விட்டுத்தான் படிப்பேன், மனசுக்குள் படிக்க இன்னும் வரவில்லை. அதனால் அவரும் கதையைக் கேட்க ஆரம்பித்தார். கேட்பது ஒரே கேள்வி.

"அந்தப் பையனோட அம்மா இன்னா பண்றா?"

"தெரியல பீபிம்மா. இன்னிக்கு அவன் நாடகம் பாக்கப் போனான்."

"அம்மாவுக்கு ஒரு லெட்டர் போட்டானா?"

"போடல."

"பேஜார் புடிச்ச பய. நாளைக்குப் போடுவானா பாரு."

மறுநாள் அவன் பெண்ணைப் பார்த்து மயங்கினான். அது இருபது நாள் நடந்தது. நானும் பீபிம்மாவும் அந்த இருபது நாளும் மயங்காமல் உட்கார்ந்திருந்தோம்.

கமலாவுக்கு எங்கள் மேல் கோபம். அவள் பத்து வயதில் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுச் சபேசனுக்காக அழுதவள்.

"அவன் கஷ்டத்தப் பாக்காம அம்மா அம்மான்னு கெடக்கறீங்களே. வீட்டுலயே இருந்தா அவன் எப்படிம்மா பெரியவனா ஆவான்?"

"ஆவட்டும். அவளுக்கு யாருடி சோறு போட்றா?"

கமலா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். அதில் பதில் இல்லை.

முப்பத்திரண்டாம் அத்தியாயத்தில் சபேசன் ஊருக்குத் திரும்பினான். வண்டியிலிருந்து இறங்கினான். ஆற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சு ஒன்றரைப் பக்கம். அதன் அடியில் ஒரு வரியில், இதற்கிடையில் அவன் தாயார் சிவபதவி அடைந்திருந்தாள் என்று போட்டிருந்தது. நான் இரண்டாம் தடவை கூட்டிப் படித்தேன். அப்படித்தான் இருந்தது. என்ன நோவு, யார் பக்கத்தில் இருந்தார்கள், யார் எடுத்துப் போட்டார்கள், ஒன்றும் இல்லை. சபேசனும் கேட்கவில்லை. அடுத்த வரியில் மாமன் மகள் விளக்கோடு வருகிறாள்.

பீபிம்மா கீரையைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அவனைத் திட்டினோம். பிறகு அவர் கேட்டார்.

"நீ உங்கம்மாவ பாத்து எத்தினி வருஷமாச்சு, அம்சா?"

"பத்து."

"ம்."

"ஆனா எனக்கு லெட்டர் வருது பீபிம்மா. ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு. மொழங்கால் வலின்னு கூட எழுதுவா. நான் அவன மாதிரி இல்ல."

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

4

நான் சபேசன் மாதிரி இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் தகரப்பெட்டியிலிருந்து கடிதங்களை எடுத்தேன். வேறு நோக்கம் ஒன்றும் இல்லை. அம்மாவின் சமாசாரங்களை என் கண்ணாலேயே ஒரு தடவை படிக்க ஆசை.

கையெழுத்தைப் பிடிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாக் கடிதத்திலும் முதல் இரண்டு வரி ஒன்றேதான்: 'அக்காள் அவர்களுக்குத் தங்கை பச்சையம்மாள் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் க்ஷேமம், தங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும்.' அது எனக்கு மனப்பாடம். அந்த வரிகளில் எந்த எழுத்து எப்படி வளைகிறது என்று பார்த்துக்கொண்டு மற்ற வரிகளுக்குப் போனேன். வீட்டுக்காரர் வேலைக்கும் கமலா பள்ளிக்கும் போன பிறகு உட்காருவேன். ஒன்பது நாள் ஆயிற்று.

முதலில் கையில் கிடைத்தது நான்கு வருஷத்துக்கு முந்தியது. 'அம்மா காரியம் நல்லபடியாக முடிந்தது' என்று இருந்தது. அம்மா என்ன காரியத்தை எடுத்துச் செய்தாள், ஏதாவது ஷாப்புக்கு மொத்தமாகப் பட்டை இடித்துக் கொடுக்க ஒப்புக்கொண்டாளா, இந்த வயதில் ஏன் இது என்று யோசித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனேன்.

'முப்பதாம் நாள் கும்பிடும்போது உன் கடிதத்தை வாத்தியார் எல்லாருக்கும் படித்தார். நீ மூன்று நாள் அன்னம் தொடாமல் அழுததைக் கேட்டு ஜனங்கள் எல்லாரும் அழுதார்கள். பிள்ளை உண்டாயிருக்கும்போது பட்டினி கிடக்கக்கூடாது. யார் வீட்டில் உலக்கை போட்டாலும் அம்மா கூப்பிடுவது போல இருக்கிறது என்று நீ எழுதியதை நான் மறுபடி மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன். அந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன்.'

அம்மா இறந்த செய்தி வந்த கடிதம் பெட்டியில் இல்லை. சாவுச் செய்தியை வீட்டில் வைக்கக்கூடாது, படித்ததும் கிழித்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கிழித்திருப்பார்.

நான் அழுத மாதத்தை எண்ணிப் பார்த்தேன். முருகேசன் வயிற்றில் இருந்த ஏழாம் மாதம். அந்த மாதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்காரர் தினமும் ஏதாவது பலகாரம் வாங்கிக்கொண்டு வந்தார். நான் நிறையச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் இருபத்துமூன்று. எல்லாவற்றையும் படித்தேன். ஒன்றிலும் அம்மா இல்லை.

5

அன்று சாயங்காலம் அவர் வந்து, கைகால் கழுவி, டீ குடித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். அந்தக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"தங்கச்சி லெட்டர் ஒண்ணு திரும்பக் கேக்கணும் போல இருக்கு. படிங்க."

அவர் வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"'அக்காள் அவர்களுக்குத் தங்கை பச்சையம்மாள் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் க்ஷேமம், தங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும். அம்மா சௌக்கியமாக இருக்கிறார்கள். முழங்கால் வலி இப்போது கம்மி...'"

"நில்லுங்க. அந்த மொழங்கால் எந்த வரில இருக்கு?"

"இன்னா?"

"வெரல வெச்சிக் காட்டுங்க. எனக்குத்தான் இப்ப படிக்க வருதே."

அவர் விரல் தாள் மேல் போயிற்று. இரண்டாம் வரியில் நின்றது, மூன்றாம் வரிக்குப் போனது, பிறகு எழுத்தே இல்லாத ஓரத்துக்கு வந்து அங்கேயே இருந்தது.

"நைனா, போதும்" என்று ஒரு குரல் கேட்டது. கமலா கதவோரத்தில் நின்றிருந்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"ஒனக்கும் தெரியுமா?" என்றேன்.

"பதினோரு வயசுல பெட்டியில பாத்தேம்மா. நைனாவ கேட்டேன். அவரு அழுதாரு. அதான் சொல்லல."

வீட்டில் எழுத்துத் தெரிந்த இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. கையெழுத்துப் பாடம் ஏன் தள்ளிப்போனது என்பதும் விளங்கியது.

"எப்ப?" என்று அவரைக் கேட்டேன்.

"மாசி மாசம். நாலு நாள் ஜுரம். அஞ்சாம் நாள் காலைல. பச்சையம்மா மடியிலதான் இருந்தாங்க. ஆத்தோரம் வெச்சாங்க." கிழித்த கடிதம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. "ஒனக்கு முன்ன ஒண்ணு கலஞ்சி போச்சு. டாக்டரம்மா அதிர்ச்சி எதுவும் கூடாதுன்னா. பொறக்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"பொறந்துச்சே."

"பொறந்த அன்னிக்கு நீ கண்ணத் தொறந்ததும், 'அம்மாவுக்கு எழுதுங்க, பேரன் பொறந்துட்டான்'ன்ன. எழுதறேன்னேன். அதுக்கப்புறம் எப்படி சொல்றது?"

"பூசணிக்கொடி?"

"நான்தான்."

"பித்தளச் செம்பு?"

"அதுவும்தான்."

"இங்கிலீஷ் பள்ளிக்கூடம்?"

"அது தப்பு" என்றார். "அது எனக்காகச் சொன்னது."

"கைக்கொழந்தையோட கப்பல்ல வராதேன்னது?"

"நீ போயி எறங்கினா, வீட்டு வாசல்ல யாரு நிப்பாங்க, அம்சா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நான் கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தேன்.

"மூணு நாள் சாப்பிடலன்னு எழுதினீங்க. வேற எப்படி அழுதேன்னு எழுதினீங்க?"

"ரொம்ப அழுததா எழுதினேன்."

"உலக்கை சத்தம்?"

"நீ ஜன்னல்ல நிப்பியே. கீழ் வீட்டுல பர்மாக்காரி எதையாவது இடிக்கும்போதெல்லாம் வந்து நிப்ப. அத வெச்சி எழுதினேன்."

நான் ஜன்னலுக்குப் போவது உண்டு. ஏன் போகிறேன் என்று ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. எனக்கே அதற்கு முன் தெரியாது.

6

பதினோரு நாள் நான் அவரோடு பேசவில்லை. சமைத்துப் போட்டேன். எது குழம்பு, எது ரசம் என்று சொல்லவில்லை.

அம்மாவுக்கு என்ன செய்வது என்பதும் சிக்கலாக இருந்தது. செத்து நான்கு வருஷம் ஆனவளுக்கு எத்தனை நாள் தீட்டு என்று கோயில் பூசாரிக்குச் சொல்லத் தெரியவில்லை. செய்தி காதில் விழுந்த நாளிலிருந்து கணக்கு என்றார், பிறகு யோசித்து, அது தபால் தாமதத்துக்குத்தான், இவ்வளவு தாமதத்துக்கு இல்லை என்றார். கடைசியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஒரு விளக்கு வைக்கச் சொன்னார். வீட்டுக்காரர் ஒவ்வொரு மாசியிலும் ஒருநாள் வயிறு சரியில்லை என்று சாப்பிடாமல் இருப்பார். அது அம்மாவின் திதி என்று கமலா சொன்னாள். அந்த நாளில் நான் அவருக்குத் தவறாமல் ஓமத்தண்ணீர் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பீபிம்மா முக்காடு இட்டுக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்தார்.

"எப்ப போனாங்க?"

"நாலு வருஷம் ஆச்சு பீபிம்மா. எனக்குத் தெரிஞ்சது புதன்கிழம."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அப்ப புதன்கிழமதான் போனாங்க" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது. இந்தத் தடவை நானே அழுதேன். மூன்று நாள் ஆகவில்லை. ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று.

நாவலில் இன்னும் முப்பது பக்கம் பாக்கி இருந்தது. தொடங்கியதை முடிப்போம் என்று எடுத்தேன். சபேசன் மாமன் மகளைக் கட்டிக்கொண்டான். பட்டணத்தில் கெட்டவர்கள் எல்லாரும் கெட்டார்கள். நானூற்று ஒன்பதாம் பக்கத்தில் அவன் தன் தாயார் பேரில் ஒரு தண்ணீர்ப்பந்தல் வைத்தான். அங்கேதான் அவள் பெயர் முதல் தடவையாக வருகிறது. மங்களாம்பாள். அதுவரை எனக்கு உறைக்கவில்லை, ஏழு மாதமாக அவளைத் தேடிக்கொண்டிருந்தேன், அவளுக்குப் பெயர் இல்லை. எங்கள் அம்மாவின் பெயர் எல்லம்மாள்.

புத்தகத்தை மூடிவிட்டு அன்று சாயங்காலம் நானாகவே வீட்டுக்காரரிடம் பேசினேன்.

"அந்தாளுக்கு இருபத்தெட்டு அத்தியாயமா அவ ஞாபகமே வரலங்க."

"எந்தாளுக்கு?"

"இத எழுதினவருக்கு. நீங்க அவரவிடத் தேவல."

அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்தக் கப்பலில் நான் போயிருந்தால் பச்சையம்மாளையாவது பார்த்திருப்பேன். அதை இன்னும் மாதத்துக்கு ஒரு தடவை அவரிடம் சொல்கிறேன். அவரும் "ஆமா" என்கிறார். இங்கிலீஷ் பள்ளியை மாற்ற முடியவில்லை. கமலா அங்கே வகுப்பில் முதலாவதாக இருக்கிறாள். மேலே படிக்கக் கல்கத்தா போகப்போகிறாளாம். போனால் லெட்டர் போடுவியா என்று கேட்டேன். வாராவாரம் போடுவேன் என்றாள். தமிழிலா என்று கேட்டேன். யோசித்தாள். கையெழுத்து மட்டும் இப்போது ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

7

பச்சையம்மாளுக்கு என்ன எழுதுவது என்று ஒரு மாதம் யோசித்தேன். மூன்று நாள் பட்டினி கிடந்தது நான் இல்லை என்று எழுதினால் அது உண்மை. ஆனால் அவள் அந்தக் கடிதத்தை வைத்திருக்கிறாள். அம்மாவைத் தனியாக எடுத்துப் போட்டவளுக்கு, அக்காள் கூட அழுதாள் என்பது மட்டும்தான் என் பங்கிலிருந்து போனது. அதைத் திரும்பக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நானும் இப்போது அதற்கு உடந்தை.

என் கையால் முதல் கடிதம் எழுதினேன். ஒரு பக்கம்தான். எழுத நான்கு நாள் ஆயிற்று. நான் சௌக்கியம், மாமா சௌக்கியம், கமலா உயரமாகிவிட்டாள், முருகேசன் கீழே விழுந்து ஒரு பல் போயிற்று, இங்கே மழை, அம்மாவை நினைத்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். எல்லாம் உண்மை. அடியில் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

அதற்குப் பிறகு இரண்டு எழுதினேன். போன வாரம் பச்சையம்மாளின் பதில் வந்தது. சாயங்காலம் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது நான் எதிரில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். இப்போது வழக்கம் அப்படித்தான்.

"'அக்காள் அவர்களுக்குத் தங்கை பச்சையம்மாள் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் க்ஷேமம், தங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும். உன் கடிதம் மூன்றும் கிடைத்தன. அக்கா, உனக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதா? முன்பெல்லாம் எவ்வளவு நன்றாக எழுதுவாய். படித்தால் நீ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். இப்போது மழை, பல் என்று நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறாய். வாத்தியாரும் அதையே சொன்னார். என் மேல் ஏதாவது கோபமா?'"

வீட்டுக்காரர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். தலை நிமிரவில்லை. சிரிக்கவும் இல்லை. அவர் சிரித்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

"அவ்ளோதானா?" என்று கேட்டார். "என்னப் பத்தி ஒண்ணும் எழுதலியா?"

நான் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"எழுதியிருக்கா" என்றேன். "'மாமாவை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். அவர் உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொல்லவும்.'"

அவர் தலையாட்டினார். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.